கஞ்சிப் பசையில் ஒட்டிய ஆறு

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தவள் தாரிணி. சென்னையிலிருந்து வந்திருக்கும் ஓவியக்காரப் பெண். "அக்கா, ஆத்துல தினம் நடக்கிறதை இதுல எழுதுங்க. கடைசியில படத்தோட சேத்து வைப்பேன்" என்றாள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. எழுத்தில் பிழை இருந்தால் அலசிப் படித்துக்கொள் தாரிணி.

என் பெயர் குருவம்மாள். வயது நாற்பத்தொன்பது. வைகையில் பழைய பாலத்துக்குக் கீழே பதினெட்டுத் துவைகல் இருக்கிறது. பாலத்திலிருந்து எண்ணினால் ஆறாவது கல் என்னுடையது. ஏழாவது சிட்டம்மாளுடையது. இருபத்தேழு வருசமாக அடுத்தடுத்த கல். ஆற்றில் தண்ணீர் ஓடி மூன்று வருசம் ஆகிறது. மணலில் ஊற்றுத் தோண்டி, இறைத்துத்தான் துவைக்கிறோம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் வருகிறாளோ அவள் பக்கத்துக் கல்லுக்கும் சேர்த்து முதல் வாளி ஊற்ற வேண்டும். கல்லில் ஏறிய மணலும் எறும்பும் போய்விடும். அடுத்து வருகிறவள் வந்ததும் துணியைப் போடலாம். இன்று சிட்டம்மாள் ஊற்றியிருந்தாள். எப்போதும் அவள்தான் ஊற்றுவாள். நான் கொஞ்சம் தூங்குமூஞ்சி.

அவளுக்கு முட்டி வலி. மூட்டையோடு சரிவில் இறங்கினால் இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், அந்தப் பக்கம் ஓர் ஆட்டம். "தேரு கெளம்பிருச்சு, வடம் பிடிக்க ஆள் வாங்கப்பா!" என்று கத்தினேன். துறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மார்ச் 5, புதன்

தாரிணி செய்யப்போகும் வேலை இதுதான். பழைய பாலத்திலிருந்து ரயில் பாலம் வரை காய்ந்து கிடக்கும் ஆற்றை நீலத் துணியால் மூட வேண்டும். மே மாசம் பத்து நாள். தண்ணீர் இருந்தால் ஆறு எப்படி இருந்திருக்கும் என்று ஜனங்கள் பாலத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.

"அம்புட்டுத் துணியையும் அப்புறம் யாரு துவைக்கிறது?" என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், நிஜமாகவே யோசித்தாள்.

அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும். அதைக் காட்டித்தான் கவர்மெண்டு ஆபீசில் அனுமதி கேட்பாளாம். கரைமேல் பழைய அரிசி மில்லில் ஓர் அறை பிடித்து, அங்கே எட்டடி நீளப் பலகையில் வரைகிறாள். படம் என்றால் காலண்டர் படம் மாதிரி இல்லை. பென்சில் இருக்கிறது, கரி இருக்கிறது. பாலத்தின் மேலிருந்து எடுத்த போட்டோவை வெட்டி ஒட்டியிருக்கிறாள். சர்வே வரைபடத்தில் ஒரு துண்டு. ஆற்று மணலையே சலித்துப் பூசியிருக்கிறாள். அதன் மேல் நிஜத் துணி. கிட்டே போனால் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கிறது. எட்டிப் போய் நின்றால் ஆறு வருகிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மணலை மட்டும் நல்லா வரைஞ்சிருக்க" என்றேன்.

கடையில் வாங்கிய கோந்து துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே கஞ்சிப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். சட்டைக்குக் கஞ்சி போடுகிறவளுக்குத் தெரியாத பசையா? கறை பிடிக்காது. காய்ந்தால் கல். வேண்டாம் என்றால் ஈரத் துண்டைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்று வரும். "புருசனைவிட நல்ல பசை" என்றேன். தாரிணி சிரித்துச் சிரித்துக் கரிக்கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் துணி அவிக்கிற வெள்ளாவி அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

இன்று நானும் சிட்டம்மாளும் போய்ப் படத்தைப் பார்த்தோம். மரம் இருக்கிறது, பாலம் இருக்கிறது, கரையில் எருமைகூட இருக்கிறது. எங்கள் கல் இல்லை.

"எரும என்ன வாடகையா குடுக்குது உனக்கு? அது இருக்கு, நாங்க இல்ல?" என்று கேட்டேன்.

தாரிணிக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல பெண்தான். படத்தில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஆபீசில் முடிவு செய்வார்களாம். இல்லாததைக் காலி இடமாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். உடனே உட்காரவைத்து வரையச் சொன்னேன். பதினெட்டுக் கல்லையும் கரியால் வரைந்தாள். நீலத் துணி கல்லைச் சுற்றிப் பிரிந்து ஓடுகிற மாதிரி கத்தரித்தாள். ஆறாவது கல்லைவிட ஏழாவது பெரிதாக வந்துவிட்டது. "ஆளுக்குத் தக்க கல்லு" என்று சிட்டம்மாள் இடுப்பில் கிள்ளினேன்.

"உங்க ரெண்டு பேரையும் கேக்காம இனிமே ஒரு கோடு மாத்த மாட்டேங்க்கா" என்று தாரிணி என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சோணைமுத்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே தேய்ப்பு வண்டி போட்டிருக்கிறார். போய் அவரிடம் சொன்னேன். "படத்துல கல்லு இருந்தா துவைக்க முடியுமா?" என்றார். இந்த மனுசனுக்கு எதுவும் விளங்காது.

மார்ச் 10, திங்கள்

எட்டு வீட்டு அழுக்கு. எழுத நேரமில்லை.

மார்ச் 13, வியாழன்

தாரிணி ஆற்றுக்கே வந்துவிட்டாள். துணி மூலையில் நாங்கள் போடும் குறியைப் பார்த்து அதிசயப்பட்டாள். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி அந்தப் பாலால் போடுவது. எத்தனை வெள்ளாவி வைத்தாலும், எந்தச் சாயத்தில் முக்கினாலும் போகாது. வக்கீல் வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு, மேலே ஒரு பிறை. டாக்டர் வீட்டுக்கு மூன்று கோடு. எந்தத் துணி எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு அதுதான் விலாசம்.

நான் வக்கீல் வீட்டுத் துண்டுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். "இது உங்க கையெழுத்து மாதிரியாக்கா?" என்று கேட்டாள்.

"பின்ன? கலெக்டர் கையெழுத்து மாதிரி. இந்தப் பிறையைப் போட்டேன்னா ஊரே கட்டுப்படும்" என்றேன்.

அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்! சிட்டம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். பட்டணத்துப் பிள்ளையை ஏமாற்றுவது ஊற்றில் மொள்வதைவிட லேசு.

மார்ச் 14, வெள்ளி

தாரிணி அனுமதி கேட்கிற ஆபீசிலிருந்து ஆபீசர் ஒருவர் துறைக்கு வந்தார். பைபாஸ் ரோட்டுப் பக்கம் மெஷின் சலவைக்கூடம் ஒன்று கட்டப்போகிறார்களாம். இந்தப் பதினெட்டுக் கல்லையும் எடுத்துவிட்டுக் கரையைப் பூங்காவாக்கினால் கூடம் நம்ம ஊருக்கு வருமாம். அதில் எட்டுப் பேருக்கு வேலை.

"மிச்சம் பத்துப் பேரு?" என்று கேட்டேன்.

"படிப்படியா பாப்போம்மா."

"எந்தப் படி? மாடிப்படியா, நாழிப்படியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து சிட்டம்மாள், "அங்க நின்னுக்கிட்டு வேலையா சார், உக்காந்து வேலையா?" என்று கேட்டாள்.

நான் விடுவேனா? "மகாராணிக்கு நாற்காலி வேணுமாம். மயில் தோகை வச்சு ஒண்ணு செய்யச் சொல்லுங்க சார்!"

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. பேச்சு அதோடு கலைந்தது. ஆபீசர் போன பிறகு பார்த்தேன், அவள் கல்லில் போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே அலசிய போர்வை.

மார்ச் 18, செவ்வாய்

வக்கீல் வீட்டு வேட்டி ஒன்றைக் காணவில்லை. கொடியில் நான் காயப்போட்டது நன்றாக நினைவிருக்கிறது. பழைய எட்டு முழம், பழம் மாதிரி மெத்தென்று இருக்கும். காற்று தூக்கியிருந்தால் கருவேலமுள்ளில் மாட்டியிருக்க வேண்டும். சிட்டம்மாளும் கூடவே வந்து முள்ளுக்குள் தேடினாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தாள். "வீட்டுக்குப் போ தாயே, அப்புறம் உன்னைத் தேடணும்" என்று அனுப்பினேன்.

இருபத்தேழு வருசத்தில் நான் தொலைத்தது ஒரு தலையணை உறை. அதுவும் ஆற்றில் வெள்ளம் வந்தபோது.

மார்ச் 20, வியாழன்

வக்கீல் வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அது மாமாவோட வேட்டி குருவம்மா. இவரு வருசத்துக்கு ஒருநாள், அவரு திதிக்குத்தான் கட்டுவாரு. இருபத்தொன்பதாம் தேதி வருது" என்றார்.

மறுபடியும் தேடினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை.

மார்ச் 22, சனி

சிட்டம்மாள் மூன்று நாளாக மதியத்துக்கு மேல் துறையில் இல்லை. முட்டிக்கு வைத்தியம் என்றாள். ஆனால் காலையில் என் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருந்ததில்லை.

"வைத்தியரு இளவட்டமோ? பூவெல்லாம் வச்சிருக்க" என்றேன். சிரிக்கவில்லை. வலி அதிகம் போல.

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பசை தீர்ந்திருக்கும் என்று புதிதாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். தாரிணி சாப்பிடப் போயிருந்தாள். படம் சுவரில் சாய்ந்திருந்தது. எட்டிப் போய் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. பாலத்திலிருந்து பாலம் வரை ஒரே நீலம், ஓர் இடத்தில்கூடப் பிரியாமல்.

கிட்டே போனேன். கற்கள் இருந்த இடத்தில் இரண்டு சாண் அகலத்துக்குப் புதிதாக நீலத் துணி ஒட்டியிருந்தது. கரையில் நாற்காலி போட்டுப் பூங்கா வரைந்திருந்தது. எருமை மட்டும் அப்படியே நின்றது.

அந்தத் துணியைத் தடவினேன். கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பழைய எட்டு முழம்தான், நீலச் சாயத்தில் முக்கியது. மூலையில் நீலத்துக்கு மேலே கறுப்பாக இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிறை. நான் போட்ட பிறை. கற்களைத் தாண்டிக் கரையோரமாக இன்னொரு சின்னத் துண்டு, சிட்டம்மாள் வாடிக்கை வீட்டுக் குறியோடு.

தாரிணி வந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோசமாக, "எப்படி வந்திருக்குக்கா?" என்றாள்.

"எங்க கல்லு?"

"நீங்க சரின்னு சொன்னதாத்தானே..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

ஆபீசர் அவளிடமும் பேசியிருக்கிறார். கல் இல்லாமல் படம் வந்தால்தான் அனுமதி சுலபம் என்று. துறைக்காரர்கள் சம்மதித்தால் மாற்றுகிறேன் என்றிருக்கிறாள். சிட்டம்மாளைக் கேட்டிருக்கிறாள். "உங்க ரெண்டு பேரோட குறி போட்ட துணியைக் குடுங்க, அதையே ஒட்டிடுறேன், அதுதான் உங்க கையெழுத்து" என்றாளாம். மறுநாள் சிட்டம்மாள் இரண்டு துணியோடு வந்து, "இது என்னோடது, இது குருவம்மா குடுத்துவிட்டது" என்று சொன்னாளாம்.

"என்னை நேர்ல ஒரு வார்த்தை கேட்டியா?"

தாரிணி தரையைப் பார்த்தாள். "கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க எதைக் கேட்டாலும் கிண்டல் பண்றீங்க. எது நிஜம்னு எனக்குத் தெரியலக்கா. துணி வந்ததும் சரி, இதுதான் பதில்னு..."

"ஏம்மா, அந்தப் பிறை என்னோடது இல்ல. வக்கீல் வீட்டுது. அந்தத் துணி அவுக வீட்டுக்குத் திரும்பணும்கிறதுக்குப் போட்ட குறி அது. அதைக் குடுக்க எனக்கே உரிமை கிடையாது."

"நீங்கதானே கையெழுத்துன்னீங்க?"

ஆமாம். நான்தான் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

காலையில் என் கல் நனைந்திருந்தது. சிட்டம்மாள் இல்லை. வீட்டுக்குப் போனேன். முட்டியில் நொச்சி இலை வைத்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வக்கீல் வீட்டு வேட்டியைக் கொடியிலருந்து எடுத்தது நீயா?"

"ஆமா."

இல்லை என்பாள், அழுவாள், நான் நாலு வார்த்தை ஏசுவேன் என்று வழியெல்லாம் தயார்செய்து போயிருந்தேன்.

"என்கூட முள்ளுக்குள்ள வந்து தேடுனியேடி."

"தேடுனேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அன்னைக்கு ஆபீசருகிட்ட கேட்டேன். மகாராணின்ன. துறையே சிரிச்சுச்சு."

"அது வெளாட்டுக்குடி!"

"தெரியும் குருவு. இருபத்தேழு வருசமா என் முட்டியும் உனக்கு வெளாட்டு. நானும் சிரிச்சேன். ஒருநாளாச்சும், செத்த உக்காருடி, நான் அலசுறேன்னு சொல்லியிருக்கியா?"

அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நானும் போய் இறக்கவில்லை.

"எட்டுப் பேருல நான் உண்டா?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மூணு நாளா ஆபீசுக்குப் போயி அந்த எட்டுப் பேரை எழுதிக் குடுத்ததே நான்தான். உன் பேரு இல்ல."

"ஏன்?"

"அங்கயும் பக்கத்துல வந்து நிப்ப."

வந்துவிட்டேன். திரும்பும் வழியில் அவளுக்குச் சொல்ல நல்ல நல்ல பதிலாக மூன்று தோன்றியது. மூன்றும் அவள் முட்டியைப் பற்றியது. அவற்றை இங்கே எழுதவில்லை.

மார்ச் 27, வியாழன்

மதியம் படம் ஆபீசுக்குப் போகிறது என்று தெரியும். காலையிலேயே வெந்நீரும் துண்டுமாக மில்லுக்குப் போனேன்.

"அக்கா, எட்டடிப் படம். ரெண்டு மாச வேலை. கெட்டுப்போயிடும்க்கா" என்று தாரிணி குறுக்கே நின்றாள்.

"தள்ளும்மா. என் வாடிக்கை வீட்டுத் துணி இது. எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

துண்டை வெந்நீரில் பிழிந்து துணி மேல் போட்டேன். கால் மணி நேரம். கடைக்கோந்தாக இருந்தால் படத்தோடு கிழிந்திருக்கும். நான் காய்ச்சிய பசை, மூலையைப் பிடித்ததும் மெல்ல எழுந்து வந்தது.

அடியில் கற்கள் இருந்தன. தாரிணி அவற்றை அழிக்கவே இல்லை. மேலே துணியை ஒட்டி மூடியிருந்தாள், அவ்வளவுதான். கரி கொஞ்சம் கலைந்து, நீலம் இறங்கி, கல்லெல்லாம் மழையில் நனைந்த மாதிரி இருந்தது. விரல் வைத்து எண்ணினேன். பதினெட்டு. ஏழாவது பெரிது.

தாரிணி அழுதுகொண்டே கரித்துண்டை எடுத்தாள், சரிசெய்ய. "தொடாத. இப்படியே கொண்டுபோ. கேட்டா, குருவம்மா சம்மதிக்கலைன்னு சொல்லு. நான் சிரிக்காமச் சொன்னேன்னும் சொல்லு" என்றேன்.

சிட்டம்மாள் துண்டை நான் தொடவில்லை. அது அவள் கொடுத்தது.

மார்ச் 28, வெள்ளி

தாரிணி துறைக்கே வந்து எல்லோருக்கும் சொன்னாள். படத்தில் கல்லைப் பார்த்து, சம்மதம் இல்லை என்று கேட்டதும் ஆபீசில் விட்டுவிட்டார்களாம், கல்லை எடுக்கப் போவதில்லை. மே மாசம் துணி விரித்தால் கல்லைச் சுற்றித்தான் விரிப்பார்கள். மெஷின் சலவைக்கூடம் வேறு ஊருக்குப் போகிறதாம்.

எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். "ஏதாச்சும் சொல்லு குருவம்மா, சிரிக்கிற மாதிரி" என்றார்கள். சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்தார்கள்.

சிட்டம்மாள் ஏழாவது கல்லில் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவே ஆறடிதான். ஒருநாள் பூராவும் அந்த ஆறடியைத் தாண்டி ஒரு சொல் போகவில்லை.

மார்ச் 29, சனி

தாரிணி வெட்டியது போக மிச்ச வேட்டியையும் வாங்கிவந்து மூன்று தடவை வெள்ளாவி வைத்தேன். நீலம் விட்டு, விடியற்கால வானம் மாதிரி ஒரு நிறத்தில் நின்றுவிட்டது. வெட்டிய துண்டைச் சேர்த்துத் தைத்துக் கஞ்சி போட்டு மடித்து, விடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். குறி மட்டும் நான் போட்டபடியே இருந்தது.

வக்கீல் வீட்டு அம்மா பிரித்துப் பார்த்தார். உள்ளே ஐயர் மந்திரம் சொல்கிற சத்தம் கேட்டது. வக்கீல் வேறு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாரு இப்படிச் செஞ்சது?"

"என் கையிலதானே குடுத்தீங்க. நான்தான்" என்றேன்.

"அடுத்த வாரம் அழுக்கெடுக்க வரட்டுமாம்மா?" என்றும் கேட்டேன். அம்மா வேட்டியோடு உள்ளே திரும்பினார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

வீட்டில் சோணைமுத்து, "சிட்டம்மா பேரைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நான் எதுக்கு அவ பேரைச் சொல்லணும்?" என்று கத்தினேன். அவர் தேய்ப்புப் பெட்டியில் கரி அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தாரிணி நோட்டைக் கேட்டாள். படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். கொடுக்க மாட்டேன் என்றேன். கிண்டல் பண்ணுகிறேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று சிட்டம்மாள் என் கல்லுக்கு ஊற்றுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிவதற்குள் எழுந்தேன். ஆற்றில் யாரும் இல்லை. ஏழாவது கல் காய்ந்து கிடந்தது. என் கல் நனைந்திருந்தது. ஊற்றிலிருந்து என் கல் வரை மணலில் காலடி. ஒரு கால் ஆழமாகவும் ஒரு கால் இழுத்தும் வைத்த காலடி. வந்து, என் கல்லுக்கு மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

அவள் ஊற்றிய ஈரத்தில் துணியைப் போட மனசு வரவில்லை, மூட்டையை இறக்கவில்லை. வெயில் ஏறி, கல்லில் கடைசி ஈரமும் போகிற வரை நின்றேன்.

பிறகு நானே ஊற்றில் மொண்டு, என் கல்லுக்கு ஊற்றித் துவைக்கத் தொடங்கினேன்.